எட்டு டிராக்கில் வில்லுப்பாட்டு: ரெக்கார்டர் கொடுத்த தொல்லைகளும் தீர்ந்த விதமும்

எங்கள் பக்கத்துக் கொடை விழாக்களில் நடக்கும் வில்லுப்பாட்டை எட்டு டிராக்கில் தனித்தனியாகப் பதிவு செய்துவருகிறேன். கதையை முன்நின்று பாடும் அண்ணாவியின் குரலுக்கு ஒரு மைக், பின்பாட்டுக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, ஜால்ராவுக்கும் கட்டைக்கும் சேர்த்து ஒன்று, வில்லில் தொங்கும் மணிகளுக்கு இரண்டு. எட்டாவது டிராக்கில் மைக் செட்டுக்காரரின் மிக்சரிலிருந்து ஒரு லைன். ரெக்கார்டர் பைக்குள் அடங்கும் அளவுதான். எஸ்டி கார்டில் எழுதும். நான்கு ஏஏ பேட்டரியிலும் ஓடும், அடாப்டரிலும் ஓடும். பதிவு எல்லாமே 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அதாவது செகண்டுக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு), ஒவ்வொன்றும் 24 பிட்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உடுக்கை. குழாய் ஸ்பீக்கரில் அது வெறும் டப் டப்பாகத்தான் கேட்கும். கயிற்றை இறுக்கித் தளர்த்தி அந்தக் கைகள் செய்யும் குழைவு, பக்கத்தில் மைக் வைத்துத் தனி டிராக்கில் எடுத்தால்தான் பிடிபடும். கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு உடுக்கையை மட்டும் தனியாகப் போட்டுக் காட்ட முடிகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

இந்த வேலையில் வந்த கோளாறுகளையும், எதைத் தொட்டபோது சரியானது என்பதையும் எழுதிவைக்கிறேன். பெரும்பாலான நேரம் மெஷின் நன்றாகவே இருந்தது. மெஷினுக்கு முன்னால் உள்ள ஒயரிலோ, பின்னால் உள்ள கார்டிலோதான் வினை இருந்தது.

முதலில் ஹம்மிங். கோயில் திடலில் பாதி நேரம் ஜெனரேட்டர் கரண்ட். ஹெட்போனில் அடித்தொண்டை உறுமல் மாதிரி ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அடாப்டரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டினேன், உறுமல் நின்றது. அடாப்டரைத் திரும்பப் போட்டுவிட்டு மிக்சர் லைனை மட்டும் உருவினேன், அப்போதும் நின்றது. இரண்டும் சேர்ந்தால்தான் வருகிறது என்றால் அது எர்த் லூப். ரெக்கார்டருக்கும் மிக்சருக்கும் இரண்டு வழியில் எர்த் கிடைத்து, அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் சிக்னலோடு கலக்கிறது. மிக்சர் லைனுக்கு நடுவே டிரான்ஸ்பார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலைக் கடத்தும் சிறு பெட்டி) ஒன்றைப் போட்டு, எர்த் தொடர்பைத் துண்டிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டியதும் அடங்கிவிட்டது. இதற்குக் குறுக்கு வழியாகச் சிலர் அடாப்டர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். ஈர மண்ணில், இரும்புப் பந்தலுக்கு அடியில், மைக்கைக் கையில் பிடித்துப் பாடுகிறவரின் உயிரோடு விளையாடுகிற காரியம் அது.

ஹம்மிங்கைப் பின்னால் ஃபில்டர் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மின்வாரியக் கரண்டில் 50 ஹெர்ட்ஸ் அநேகமாக அசையாமல் நிற்கும், ஒடுக்கமான ஃபில்டர் வேலை செய்யும். சிறிய ஜெனரேட்டரில் லோடு ஏற இறங்க அந்த 50 அலைபாயும். ஓரிடத்தில் வைத்த ஃபில்டரிலிருந்து உறுமல் நழுவிக்கொண்டே இருக்கும். ஆகவே திடலிலேயே தீர்த்துவிடுவதுதான் வழி. சீரியல் செட் விளக்குகளின் ‘சர்ர்’ வேறு ரகம். மைக் ஒயரை அந்த ஒயரோடு சேர்த்து ஓட்டாமல், குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க விட்டாலே பெருமளவு குறைகிறது.

அடுத்தது, அண்ணாவியின் குரல் காணாமல் போன கதை. மைக் செட் அண்ணாச்சி, “தம்பி, மெயின் அவுட் ரெண்டும் ஆம்ப்ளிஃபயருக்குப் போயிட்டு. ஹெட்போன் அவுட்ல ஒரு லைன் தாரேன், எடுத்துக்கிடுங்க” என்றார். கால் இன்ச் ஸ்டீரியோ பின் இரண்டு பக்கமும் உள்ள ஒயரை அதில் சொருகி, மறுமுனையை ரெக்கார்டரில் போட்டோம். மீட்டர் ஆடுகிறது, உடுக்கை கேட்கிறது, எக்கோ கேட்கிறது. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. ஹெட்போனை மிக்சரில் நேராகச் சொருகினால் குரல் கணீரென்று இருக்கிறது.

விஷயம் இதுதான். ஹெட்போன் அவுட்டில் பின்னின் நுனியில் இடது, வளையத்தில் வலது. ரெக்கார்டரின் பேலன்ஸ்டு இன்புட் அவை இரண்டையும் ஒரே சிக்னலின் நேர், எதிர் வடிவங்களாக எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். வழியில் ஒயர் வாங்கும் இரைச்சலை ஒழிக்க வந்த ஏற்பாடு அது. குரலோ இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறது. கழித்தால் பூஜ்யம். இடது வலது வித்தியாசமுள்ள எக்கோவும், ஓரமாகத் தள்ளிவைத்த உடுக்கையும் மட்டும் மிஞ்சுகின்றன. ஒரு ஸ்டீரியோ பின்னை இரண்டு மோனோ பின்னாகப் பிரிக்கும் ஒயரைப் போட்டு இடதை மட்டும் எடுத்துக்கொண்டதும் குரல் திரும்பியது. மிக்சரிலிருந்து லைன் எடுக்கும் யாருக்கும் இது வரக்கூடும். குரல் மட்டும் மங்கினால் முதலில் அந்த ஒயரைப் பாருங்கள்.

குடத்தின் கதை சுருக்கமானது. மட்டையால் வாயில் அடிக்கும்போது எழும் காற்றழுத்தம் பயங்கரம். சத்தம் கிழிகிறது, ஒலியளவுக்கான ஃபேடரை இறக்கினால் மெல்லிய சத்தத்தில் கிழிகிறது. ஃபேடர் இருப்பது டிஜிட்டலாக மாறிய பிறகு. கிழிவதோ அதற்கு முன்னால், மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்பில். அந்தப் பெருக்கத்தின் அளவான கெயினைத்தான் இறக்க வேண்டும். போதாவிட்டால் சிக்னலைக் குறைக்கும் 20 டெசிபல் பேட் போட வேண்டும். இப்போது எல்லா டிராக்கிலும் அதிகபட்ச அடி மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி வைக்கிறேன். ஒரு பிட் என்பது சுமார் 6 டெசிபல். 24 பிட்டில் இரண்டு பிட்டை விட்டுக்கொடுப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை.

இனி கார்டு. என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான்.

நடுச்சாமத்தில், கதை சூடு பிடிக்கும் நேரத்தில், கார்டு மெதுவாக இருக்கிறது என்ற செய்தியைக் காட்டிப் பதிவு நின்றுவிடும். கணக்குப் போட்டால் இது புரியாது. 48,000 சாம்பிள், ஒவ்வொன்றும் 3 பைட். ஒரு டிராக்குக்கு செகண்டுக்கு 1,44,000 பைட். எட்டு டிராக்குக்கு 1.15 மெகாபைட் சொச்சம். கிளாஸ் 10 கார்டு செகண்டுக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுத வேண்டும். எட்டு மடங்குக்கு மேல் தெம்பு இருந்தும் ஏன் திணறுகிறது?

அந்த 10 மெகாபைட், ஒரே பெரிய ஃபைலை வரிசையாக எழுதும்போது கிடைக்கும் வேகம். இங்கே எட்டு ஃபைல்கள் ஒரே நேரத்தில் வளர்கின்றன. கார்டுக்கு அது துண்டு துண்டான வேலை. ஃபிளாஷ் மெமரியில் புதிதாக எழுத, பெரிய பெரிய பிளாக்காக அழித்தாக வேண்டும். உள்ளே இருப்பதை ஒதுக்கி இடம் பண்ணும்போது கார்டு சில நூறு மில்லிசெகண்ட் வரை பதில் பேசாமல் நிற்கும். அதுவரை வருவதை ரெக்கார்டர் தன் சின்ன மெமரியில் தேக்கிவைக்கும். அது நிரம்பினால் பதிவு நிற்கும். சராசரி வேகத்தைப் பார்த்துக் கார்டு வாங்கக் கூடாது, அதன் மிக மோசமான ஒரு கணத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண்ணை அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை.

எனக்குப் பலன் கொடுத்தவை: மெஷின் தயாரிப்பாளர் சோதித்துப் பட்டியலிட்ட கார்டையே வாங்குவது, ஒவ்வொரு கொடைக்கு முன்பும் கம்ப்யூட்டரில் அல்லாமல் ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்வது, பழைய ஃபைல்களில் சிலதை மட்டும் அழித்து இடம் பண்ணாமல் இருப்பது. கூடவே, புதுக் கார்டு வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க நிரப்பிச் சரிபார்த்துவிடுகிறேன். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய. லினக்சில் இதே வேலையை எஃப்3 செய்யும்.

இரவு முழுக்க ஓட்டினால் ஃபைல் அளவும் இடிக்கும். கார்டில் ஃபைல்களை அடுக்கும் ஃபேட்32 என்ற முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. பல மெஷின்கள் 2 ஜிபியிலேயே வெட்டி அடுத்த ஃபைலைத் தொடங்கிவிடும். டிராக்குக்கு ஒரு ஃபைல் என்றால் அந்த 2 ஜிபிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டையும் ஒரே ஃபைலில் எழுதும் முறையில் 31 நிமிடத்திலேயே வந்துவிடும். இது கோளாறே அல்ல. துண்டுகளை இடைவெளியோ கிராஸ்ஃபேடோ (ஒன்று கரைந்து மற்றதில் கலப்பது) இல்லாமல் முனையோடு முனை ஒட்டினால் தாளம் அப்படியே தொடரும்.

கார்டு நின்றால்கூட அதுவரை எழுதியது கையில் இருக்கும். கரண்ட் போனால்தான் ஆபத்து. ஒரு சின்னக் கொடையில் அடாப்டர் கரண்ட் போனபோது, கண்டென்சர் மைக்குகளுக்கு ஒயர் வழியே ஃபேன்டம் என்ற 48 வோல்ட் கரண்டைக் கொடுத்துக்கொண்டிருந்த பேட்டரி தாங்கவில்லை. வீட்டில் பார்த்தால் ஃபைலின் அளவு சரியாக இருக்கிறது, பிளேயரோ பூஜ்யம் செகண்ட் என்கிறது. வேவ் ஃபைலின் தலைப்பில் பதிவின் நீளத்தை மெஷின் கடைசியில், ஸ்டாப் அழுத்தும்போதுதான் எழுதுகிறது. உள்ளே பாட்டு பத்திரமாக இருக்கும்.

இதை மீட்பது சுலபம். முதலில் கார்டின் லாக்கைத் தள்ளிவிட்டு, முழுக் கார்டையும் அப்படியே ஓர் இமேஜாகப் பிரதி எடுத்து, பிரதியில்தான் கைவைக்க வேண்டும். பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் ஃபைலைத் திறந்து 64 61 74 61 என்ற நான்கு பைட்டைத் தேடுங்கள். அதற்கு அடுத்த நான்கு பைட்டுகள் நீளம். கரண்ட் போன ஃபைலில் அவை 00 00 00 00 என்று இருக்கும். அவற்றுக்கு அடுத்த பைட்டில் பாட்டு ஆரம்பம். அந்த இடத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ரா டேட்டாவாக (தலைப்பில்லாத வெறும் பைட்டுகளாக) இறக்குமதி செய்து, 24 பிட், லிட்டில் எண்டியன் (பைட்டுகளின் வரிசை), ஒரு சேனல், தொடக்க இடம் என்று கொடுத்தால் முடிந்தது. பல வழிகாட்டிகள் தொடக்க இடம் 44 என்று சொல்லும். கூடுதல் தகவல் சேர்க்கும் ரெக்கார்டர்களில் அது பல நூறு பைட் தள்ளி இருக்கும். ஒரு பைட் பிசகினால்கூடப் பாட்டுக்குப் பதில் பேரிரைச்சல்தான் வரும், ஏனென்றால் மூன்று பைட் சேர்ந்ததே ஒரு சாம்பிள். இரைச்சல் வந்தால் பயப்படாமல் ஒன்று கூட்டியும் இரண்டு கூட்டியும் பாருங்கள்.

சாம்பிள் ரேட்டும் அங்கே சரியாக இருக்க வேண்டும். 48,000-ஐ 44,100 என்று கொடுத்தால், 3 கட்டையில் பாடியது 2-க்கும் இரண்டரைக்கும் நடுவே எங்கோ போய் உட்காரும். ஒரு மணி நேரப் பாட்டு 65 நிமிடத்துக்கு மேல் இழுக்கும். பதிவில் சுருதி ஒன்றரை ஸ்வரஸ்தானம் அளவுக்கு விலகியிருந்தால் பாடியவரையோ மெஷினையோ சந்தேகப்பட வேண்டாம், இந்த இரண்டு எண்களைப் பார்த்தால் போதும்.

பெரிய கொடை ஒன்றில் இதைவிட மோசமாக நடந்தது. எட்டு ஃபைலும் பெயர் மட்டும் இருக்கிறது, அளவு பூஜ்யம். மீட்பு மென்பொருள்கள் குதறிய சத்தத்தையே கொடுத்தன. இமேஜை ஹெக்ஸில் திறந்து 52 49 46 46 என்ற தொடக்க அடையாளத்தைத் தேடியபோது, சரியாக 32 கிலோபைட் இடைவெளியில் எட்டு முறை அடுத்தடுத்து வந்தது. அப்போதுதான் மெஷின் எழுதும் விதம் பிடிபட்டது: முதல் டிராக்கில் ஒரு 32 கிலோபைட், இரண்டாவதில் ஒன்று, எட்டு வரை போய்த் திரும்ப முதலிலிருந்து. ஒவ்வொரு துண்டும் கால் செகண்டுக்கும் கொஞ்சம் குறைவு. மீட்பு மென்பொருள் எழுதிய வரிசையிலேயே எடுத்ததால் குரல் கால் செகண்ட், உடுக்கை கால் செகண்ட், குடம் கால் செகண்ட் என்று வந்திருக்கிறது. எட்டாவது எட்டாவது துண்டாகப் பொறுக்கி ஒட்ட ஒரு சின்ன பைத்தான் நிரல் போதுமாக இருந்தது. 32,768 மூன்றால் வகுபடாது, ஒரு சாம்பிள் இரண்டு துண்டில் பிரிந்து கிடக்கும். அதனால் துண்டுகளை முதலில் ஒட்டிவிட்டுப் பிறகுதான் ஒலியாகத் திறக்க வேண்டும். பதிவு எங்கே முடிகிறது என்பதைக் காதுதான் சொன்னது: ஃபார்மேட் பழையதைத் துடைப்பதில்லை ஆகையால், ஓரிடத்தில் முந்தைய ஊரின் பாட்டு சட்டென்று தொடங்கியது. உடுக்கை டிராக் தனியாக, சேதமில்லாமல் கிடைத்தபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

இப்போது அடாப்டரை நம்புவதில்லை. நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, மெனுவில் அதே வகையைத் தேர்ந்திருக்கிறேனா என்ற சோதனை, யுஎஸ்பியில் பெரிய பவர் பேங்க். வகையை மாற்றிவைத்தால் 1.2 வோல்ட் பேட்டரியை மெஷின் தீர்ந்துபோன 1.5 வோல்ட் என்று நினைத்துக்கொள்ளும். கதையில் ஒரு கட்டம் முடிந்து இடைவேளை விடும்போதெல்லாம் ஸ்டாப் அழுத்தி அடுத்த ஃபைலைத் தொடங்குகிறேன். எது போனாலும் அந்த ஒரு துண்டோடு போகும்.

பாக்கி இருப்பது மணிகள். அவற்றின் சத்தம் எல்லா மைக்கிலும் ஏறுகிறது. ஒலி ஒரு மில்லிசெகண்டில் போவது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். மணி மைக்கிலிருந்து 1.4 மீட்டர் தள்ளி இருக்கும் குரல் மைக்கில் அதே மணி 4 மில்லிசெகண்ட் பிந்தி விழுகிறது, இரண்டையும் கலந்தால் மணி தகரம் மாதிரி ஆகிறது. மணி டிராக்குகளை 192 சாம்பிள் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். மணி தெளிந்தது, ஆனால் அதே மைக்குகளில் விழும் குடத்தின் அடி கொஞ்சம் மெலிந்துவிட்டது. அடுத்த கொடையில் மணி மைக்குகளைப் பின்புறச் சத்தம் வாங்காத வகைக்கு மாற்றி, குடத்துக்கு முதுகு காட்டி வைத்துப் பார்க்கப் போகிறேன்.