அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்: ஈர மரமும் பெயின்ட்டும் கெடுத்த கதை

குற்றாலம் சீசன் கடைகளில் இன்னமும் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான், அதாவது மரத்தில் கடைந்த குட்டி விளையாட்டுச் சாமான், கிடைக்கிறது. அம்மி, உரல், உலக்கை, திருகை, குடம், கரண்டி எல்லாம் உண்டு. ஆனால் வாங்கிப்போனது ஒரு ஐப்பசி மழையைத் தாங்குவதில்லை. குடத்து மூடி இறுகிவிடும், விளிம்பில் சாயம் பொரிந்து உதிரும். பிளாஸ்டிக் வந்துதான் மரச்சொப்பு படுத்தது என்பார்கள். அது பாதி உண்மைதான். காயாத மரத்தைக் கடைந்து, அரக்குக்கு (பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசினுக்கு) பதில் பெயின்ட் அடித்து விற்றதில்தான் வாங்குகிறவர்களின் நம்பிக்கை போயிற்று.

பழைய சாமானுக்கு மஞ்சள் கடம்பு. இழை நெருக்கமான மரம், கடைசலில் பிசிறடிக்காது. அது அரிதானதும் வேறு மரத்துக்கு மாறியதில் தப்பில்லை. எந்த மரமானாலும் காய வேண்டும், அவ்வளவுதான். பட்டையை உரித்து, இரண்டு முனையிலும் மெழுகு தடவி, நிழலில் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். முனையை அப்படியே விட்டால் ஈரம் அந்த வழியாகச் சட்டென்று வெளியேறி, கட்டை வெடிக்கும். காய்ந்ததா என்று தெரிய, ஒரே கட்டையை வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால் கடையலாம். இரண்டங்குலக் கட்டைக்கே சில மாதம் பிடிக்கும். இதில்தான் அவசரப்படுகிறார்கள். மரம் எல்லாப் பக்கமும் ஒரேபோலச் சுருங்காது. மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் அதிகம் சுருங்கும். ஈரத்தில் வட்டமாகக் கடைந்த மூடி, காய்ந்தபின் முட்டை வடிவாகிவிடும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் சரியாக உட்காராது. கட்டையின் நட்டநடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதி சாமானுக்குள் வந்தாலும் விரிசல்தான்.

அரக்கு போடுவது தனிக் கைப்பதம். சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால், உராயும் சூட்டில் இளகி ஒட்டும். அதன்மேல் காய்ந்த தாழை மடலை அழுத்திப் பிடித்தால் பரவிப் பளபளக்கும். வேகம் குறைந்தால் அரக்கு திட்டுத்திட்டாக நிற்கும், கூடினால் கருகிக் கோடு விழும். அடியில் ஈரம் இருந்தால் ஆவியாகி மேல்பூச்சைத் தூக்கிவிடும். பெயின்ட்டுக்கு இந்தக் கைப்பதம் வேண்டாம், அதனால்தான் மாறினார்கள். குழந்தை எதையும் வாயில் வைக்கும் என்பதை அப்போது யோசித்திருக்க வேண்டும்.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, சாமானின் அடிப்பக்கத்தைச் சானிட்டைசர் தொட்ட பஞ்சால் அழுத்தித் தேயுங்கள். சானிட்டைசரில் உள்ள ஆல்கஹாலில் அரக்கு கரையும். பிசுபிசுத்துச் சாயம் பஞ்சில் ஏறும். எனாமல் பெயின்ட் என்றால் அசையாது. சுத்தம் செய்ய அதே சானிட்டைசரைப் பயன்படுத்திவிடாதீர்கள். வெந்நீரும் ஆகாது, பூச்சு வெளுத்துவிடும். காய்ந்த துணியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் போதும்.

2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்; பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு, தொண்டையில் சிக்குமா என்று பார்க்கும் 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கும் எதையும் கொடுக்கக் கூடாது. சொப்புப் பெட்டியில் குட்டி மூடி, குழவி போன்றவை அப்படி அடங்கலாம். அவற்றை எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.