தட்டில் விழும் முள் தலையர்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். வலையில் வந்த மிதவை உயிரிகளுக்குள் மீன் குஞ்சுகளைத் தேடிப் பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதுதான். இங்கே கல்லுக்குத்தான் மதிப்பு. நெத்திலி முட்டை நீள்வட்டமாக இருப்பதால் நுண்ணோக்கியில் உடனே தெரிந்துவிடும். மற்றவை கண்ணைக் கெடுக்கும்.

விஷ முள் உள்ள சிங்க மீன் வகைக் குஞ்சு எப்போதாவதுதான் தட்டில் விழும். உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, முக்கோண மூக்கு, தலையில் ரம்பப் பல்லோடு நீண்ட முள், விசிறியாக விரிந்த மார்புத் துடுப்பு. எந்த இனம் என்று உறுதி சொல்ல டிஎன்ஏ வேண்டும். கெடாமல் வைக்க ஃபார்மலினில் போட்டால், மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லான செவிக்கல் கரைந்துவிடும். வயது பார்க்க வேண்டிய குஞ்சுகளை ஆல்கஹாலில்தான் போடுவோம்.

செவிக்கல்லில் நாளுக்கொரு வளையம் விழும். பஹாமாஸ் பக்கம் அப்படி எண்ணிப் பார்த்ததில், முட்டை பொரிந்து பாறைக்கு வந்து சேர 20 முதல் 35 நாள், சராசரியாக 26 நாள் ஆகிறது. அதுவரை நீரோட்டம் போன வழிதான் குஞ்சின் வழி. பெண் மீன் ஒவ்வொரு முறையும் வழவழப்பான இரண்டு முட்டைப் பந்துகளை விடும், அவை மிதக்கும். வெதுவெதுப்பான கடலில் சில நாளுக்கொரு முறை இது நடக்கும். ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் முட்டை!

1985இல் ஃபுளோரிடா அருகே முதலில் தென்பட்ட சிங்க மீன் கரீபியன் முழுக்கப் பரவியது இப்படித்தான். தொட்டியில் வளர்த்தவர்கள் கடலில் விட்டதில் தொடங்கிய வினை. அங்கே போட்டி வைத்து ஈட்டியால் குத்திப் பிடிக்கிறார்கள். பிடிபடுவது பாறையோரம் நிற்கும் பெரிய மீன். குஞ்சை யார் குத்துவது? நம் பக்கத்துச் சிங்க மீன் இனமான டெரோயிஸ் மைல்ஸ் சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள்ளும் போய்விட்டது.

எங்கள் வள்ளக்கார அண்ணனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "நம்ம பவளப் பாருல கெடக்குற மீனுதானம்மா, அதுக்கு எதுக்கு இம்புட்டு பாடு? குத்துனா வெந்நில கைய விடணும், அம்புட்டுத்தான்."

"அங்க சின்ன மீனையெல்லாம் தின்னு தீக்குதுண்ணே."

"இங்க மட்டும் பட்டினியாவா கெடக்கு?"

சரியான கேள்வி. இங்கேயும் தின்கிறது. ஆனால் அட்லாண்டிக்கின் சின்ன மீன்களுக்கு இந்த உருவம் பழக்கமில்லை, கிட்டே வந்தாலும் பல ஓடுவதில்லை. ஒட்டுண்ணித் தொல்லையும் அங்கே குறைவு.

எங்களுக்கு வந்தேறி என்றால் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் படர்ந்த கப்பாபைகஸ் பாசிதான். மூங்கில் மிதவையில் வளர்க்கக் கொண்டுவந்தது. ஒடிந்த துண்டிலிருந்தே வளரும் என்றாலும், அதைக் கையால் பிய்த்தெடுக்க ஆள் இறக்கலாம். மிதக்கும் குஞ்சிடம் அது நடக்காது.

அதனால்தான் சொந்தக் கடலிலேயே குஞ்சுகளை ஆண்டு முழுக்க எடுக்கச் சொல்லி வாதாடுகிறேன். தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் ஒரு திசை, வடகிழக்கு வாடையில் ஒரு திசை என்று ஓடும் தண்ணீரை ஒரே பருவத்தில் பார்த்துவிட்டுக் கணக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை. திட்டத்துக்குப் பணம் தருபவர்கள் மட்டும் காலாண்டுக் கணக்கில்தான் பேசுகிறார்கள்.