இந்திர லால் ராயின் தாள்களைத் தேடிப் போன கதை

அப்பாவின் அஞ்சல்தலை ஆல்பம் நான் லண்டனுக்கு வந்தபோது பெட்டியில் கூடவே வந்துவிட்டது. அதில் 1998-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட ஒரு தலை, இந்திர லால் ராயின் நூற்றாண்டுக்காக. மகள் அதைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இவர், இவ்வளவு சின்னப் பையனா இருக்கார்?" என்று கேட்டாள். முதல் உலகப் போரில் பத்து எதிரி விமானங்களை வீழ்த்திய வங்காளி, பத்தொன்பது வயதில் செத்துப்போனார். இந்த இரண்டு வரிக்கு மேல் எனக்கும் தெரியாது. இணையத்தில் தேடினால் அதே இரண்டு வரியை ஆளாளுக்கு நீட்டி எழுதியிருந்தார்கள். சரி, அந்தக் காலத்துத் தாள்களையே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

முதல் தப்பு என்னுடையது. லீவு போட்டுவிட்டு நேராக லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். மூலத் தாள்களைப் பார்க்க ரீடர் டிக்கெட் வேண்டும். அதற்குப் பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று. நான் கொண்டுபோன கேஸ் பில் மனைவி பெயரில் இருந்தது. திரும்பி வந்து இரண்டு வாரம் கழித்து, வங்கிக் கடிதத்தோடு மறுபடி போனேன். அப்போதுதான் தெரிந்தது, நான் தேடி வந்த விமானப்படை அதிகாரிகளின் பணிப்பதிவுகள் எல்லாம் ஏற்கெனவே ஸ்கேன் ஆகிவிட்டவை என்று. 'ஏர் 76' என்ற வரிசையில் பெயர் போட்டுத் தேடி, வீட்டில் உட்கார்ந்தே இறக்கிக்கொள்ளலாம். ஸ்கேன் ஆனவற்றின் மூலத்தைப் பொதுவாகக் கையில் தரவும் மாட்டார்கள். ஆகவே யாராவது போவதாக இருந்தால், முதலில் வீட்டுக் கணினியில் அவர்கள் அட்டவணையைப் பாருங்கள்.

அப்புறம் கேஷுவல்டி ஃபார்ம். பெயரைப் பார்த்தால் அடிபட்டவர்களுக்கான தாள் மாதிரி இருக்கும், நானும் அப்படித்தான் நினைத்துத் தள்ளி வைத்திருந்தேன். உண்மையில் ஒரு அதிகாரி எந்தத் தேதியில் எந்த ஸ்குவாட்ரனில் (விமான அணியில்) சேர்ந்தார், எப்போது லீவு, எப்போது ஆஸ்பத்திரி, எப்போது ஊர் திரும்பினார் என்று அவரது ஒவ்வொரு அசைவும் அதில்தான் ஏறும். இவற்றை லண்டன் ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியம் தன் தளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. இன்னொரு விஷயம். ராய் சேர்ந்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் விமானப் பிரிவான ராயல் ஃபிளையிங் கோரில், இறந்தது ராயல் ஏர்ஃபோர்ஸில். 1918 ஏப்ரல் 1 அன்று அந்தப் பிரிவும் கடற்படையின் விமானப் பிரிவும் சேர்ந்து ராயல் ஏர்ஃபோர்ஸ் ஆகிவிட்டன. இந்தத் தேதிக்கு முன்னால் ராணுவத் தாள், பின்னால் விமானப்படைத் தாள் என்று இரண்டு பக்கமும் துழாவ வேண்டியிருக்கிறது.

கிடைத்த தேதிகளை எல்லாம் மகளின் பழைய நோட்டில் வரிசையாக எழுதினேன். பிறந்தது கல்கத்தாவில், 1898 டிசம்பர் 2. படித்தது லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளி. 1917 ஏப்ரலில் படையில் சேர்கிறார். அதற்கு முன்பே கண் சரியில்லை என்று ஒருமுறை தள்ளிவிட்டார்களாம். தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தக் காசில் பெரிய கண் டாக்டர் ஒருவரிடம் காட்டி, அந்த முடிவை மாற்ற வைத்தார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை. ஜூலை 5-இல் செகண்ட் லெப்டினென்ட். பிரான்ஸின் வாந்தோமில் பறக்கும் பயிற்சி, ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் துப்பாக்கிப் பயிற்சி. அக்டோபர் 30-இல் பிரான்ஸில் 56-ஆவது ஸ்குவாட்ரன். டிசம்பர் 6-இல் எஸ்.இ.5ஏ விமானத்தோடு தரையில் மோதுகிறார். பத்தொன்பது வயது முடிந்து நான்கே நாள்.

செத்துவிட்டார் என்று பிணவறையில் போட்டுவிட்டார்கள், விழித்துக்கொண்டு கதவைத் தட்டினார், காவலுக்கு இருந்தவன் பேய் என்று பயந்து திறக்க மறுத்தான் என்றொரு கதை உண்டு. இந்த வேலையில் நான் மிகவும் ஆசைப்பட்டுத் தேடியது அதைத்தான். ஆனால் அந்த மாதிரிப் படிவங்களில் "பிணவறையில் எழுந்து உட்கார்ந்தார்" என்று எழுதக் கட்டம் கிடையாது. பறக்கத் தகுதி உண்டா என்று பார்க்கும் டாக்டர் குழு, அதாவது மெடிக்கல் போர்டு, கூடிய தேதிக்குத்தான் கட்டம் உண்டு. கதையைக் கதையாகவே வைத்துக்கொண்டேன். படுக்கையில் கிடந்தபோது அவர் விமானங்களாக வரைந்து தள்ளினார், அந்தப் படங்களில் பல இன்றும் இருக்கின்றன.

அதன் பிறகு அரை வருஷம். பறக்கத் தகுதியில்லை என்று சொல்லித் தளவாடப் பிரிவு அதிகாரியாக உட்கார வைத்தார்கள். மேலதிகாரிகளை நச்சரித்து, மறுபடி தகுதி வாங்கி, 1918 ஜூனில் 40-ஆவது ஸ்குவாட்ரனில் ஜார்ஜ் மெக்கெல்ராயின் கீழ் சேர்கிறார். முதல் வெற்றி ஜூலை 6. கடைசி வெற்றி ஜூலை 19. ஜூலை 22-இல் இறந்துவிட்டார். நோட்டில் இதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. படையில் இருந்த பதினைந்து மாதத்தில் முக்கால்வாசி பயிற்சி, படுக்கை, போர்டு, காத்திருப்பு. புகழெல்லாம் வந்தது அந்த இரண்டே வாரத்தில். கேஸ் பில்லுக்கு இரண்டு வாரம் சலித்துக்கொண்ட எனக்கு இது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

கியூவுக்கு மூன்றாவது முறை போனது 'ஏர் 1' வரிசையில் உள்ள வான் சண்டை அறிக்கைக் கட்டுகளுக்காக. இவை நிஜத் தாள்கள். பேனா உள்ளே போகாது, பென்சில் மட்டும். பையை லாக்கரில் வைத்துவிட்டு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் உறையில் சாமானைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். நம் இருக்கை எண்ணுக்கு உரிய அலமாரியில் கட்டு வந்திருக்கும். வான் சண்டை அறிக்கை என்பது அச்சிட்ட ஒரு பக்கப் படிவம். மேலே விமானத்தின் வகை, எண், ஆயுதம், இடம், தேதி, நேரம், உயரம். எஸ்.இ.5ஏ-க்கு மூக்கில் ஒரு விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி, மேல் இறக்கையில் ஒரு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி. கீழே விமானி தன் வார்த்தையில் நடந்ததைச் சொல்வார். முடிவுக்குத் தனி இடம்: அழிந்ததா, கட்டுப்பாடு இழந்து விழுந்ததா, விரட்டப்பட்டதா.

இந்தப் பிரிவு முக்கியம். "பத்து விமானங்களைச் சுட்டு நொறுக்கினார்" என்று நாம் சுலபமாக எழுதிவிடுகிறோம். அந்தக் காலக் கணக்கில் கட்டுப்பாடு இழந்து விழுந்ததும் வெற்றிதான். பத்தில் இரண்டு மற்றவர்களோடு பங்கு. ஜூலை 8 அன்று மட்டும் நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. ஆனால் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில், 1918 செப்டம்பரில், டிஸ்டிங்குவிஷ்டு ஃபிளையிங் கிராஸ் என்ற விமானிகளுக்கான வீர விருதைக் கொடுத்தபோது போட்ட குறிப்பு பதின்மூன்று நாளில் ஒன்பது என்கிறது. பின்னால் வந்த பட்டியல்கள்தான் பத்து என்பவை. கெஜட்டை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அந்த விருதே 1918 ஜூனில்தான் உருவாக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் இவர்தான், பெற்றபோது உயிரோடு இல்லை. மெக்கெல்ராயும் அந்த ஜூலை 31-ஐத் தாண்டவில்லை.

தாள்கள் இத்தோடு முடிந்தன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டதும் ஊர் வந்தது: எஸ்தவெல். யூரோஸ்டாரில் லீல், அங்கிருந்து லான்ஸ், அப்புறம் டாக்சி. தட்டையான நிலம், நடுநடுவே பழைய நிலக்கரிச் சுரங்கக் கழிவு மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. அவர் ஜெர்மன் ஃபோக்கர் டி.7 விமானங்களோடு சண்டையிட்டு விழுந்த கார்வின் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லறைத் தோட்டம் அந்த ஊர்க்காரர்களுடையது, ஊர்க் குடும்பங்களுக்கு நடுவே இவரும்.

கல்லில் பிரெஞ்சு ஒரு வரி, வங்காளி ஒரு வரி. பிரெஞ்சை மகள் படித்துவிட்டாள், பள்ளியில் எடுத்திருக்கிறாள். வங்காளிக்கு, என்னோடு வேலை பார்க்கும் கல்கத்தாக்காரரை வீடியோவில் கூப்பிட்டு போனைக் கல்லுக்கு நேரே காட்டினேன். எழுத்தைத் துடைத்துக் காட்டுவதற்காக இன்னொரு கையைக் கல்மேல் வைத்திருந்தேன். அவர் மெதுவாகப் படித்தார். "மொஹாபீரேர் ஷொமாதி." மகாவீரர், சமாதி. இது எனக்கே புரிந்துவிட்டது. மகள் முகத்திலும் ஒரு சந்தோஷம். "ஷொம்ப்ரொம் தேகாவ்," மரியாதை காட்டு என்றார். அடுத்து "ஸ்பொர்ஷொ கோரோ நா." ஸ்பரிசம் என்பது காதில் விழுந்தது.

"அப்படின்னா?" என்றேன்.

"தொடாதேன்னு அர்த்தம்," என்றார் அவர். மகள் என் கையைப் பார்த்தாள்.