ஓடிப்போன குதிரை

ரோமானியர் என்றால் கவசம், ஈட்டி, வரிசை கலையாத படை என்றுதான் நினைத்திருந்தேன். ஒற்று வேலையிலும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

கி.மு. 203. வட ஆப்பிரிக்கக் கரையில் யூட்டிகா நகரத்துக்கு அருகே ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோவின் படை. எதிரே ரோமின் பகை நகரமான கார்த்தேஜின் தளபதி ஹஸ்த்ருபாலும் நுமிதிய அரசன் சைஃபாக்ஸும் தனித்தனியாக முகாமிட்டிருக்கிறார்கள். ஸ்கிப்பியோ சமாதானம் பேசத் தூது அனுப்புகிறான். தூதர்களின் பின்னால் அழுக்கு உடையில் வரும் அடிமைகள் யார்? பொறுக்கி எடுத்த படைத் தலைவர்கள்!

ஸ்கிப்பியோவின் துணைத் தளபதி லேலியஸோடு தூது போனவர்கள் ஒரு குதிரையை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டார்களாம். "பிடி, பிடி" என்று அதைத் துரத்தும் சாக்கில் சைஃபாக்ஸ் முகாமின் பெரும்பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டார்கள். ஸ்டாடோரியஸ் என்ற அதிகாரி அந்த முகாமுக்கு முன்பே வந்துபோனவன். யாரோ அவனை உற்றுப் பார்க்கிறார்கள். லேலியஸ் யோசிக்கவில்லை, பிரம்பை எடுத்து அடிமையை அடிப்பதுபோல் விளாசிவிட்டான். அதிகாரியை யாராவது அப்படி அடிப்பார்களா? சந்தேகம் தீர்ந்தது. முதுகு வீங்கியவனின் நிலைதான் பாவம்.

அவர்கள் கொண்டுவந்த செய்திகளில் முக்கியமானது: நுமிதியரின் குடிசைகள் நாணலால் வேய்ந்தவை, கார்த்தேஜியரின் குடிசைகள் மரத்தால் ஆனவை.

பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட பிறகு, ஓர் இரவில் இரண்டு முகாம்களும் எரிந்தன. ஏதோ தற்செயலாகப் பிடித்த தீ என்று எண்ணி, ஆயுதம் இல்லாமல் அணைக்க ஓடிவந்தவர்களை ரோமானிய வாள்கள் எதிர்கொண்டன. சமாதானப் பேச்சை இப்படிப் பயன்படுத்தியது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தக் குதிரை யோசனையை எண்ணி நேற்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.