மூணு மணி நேரம் கழிச்சு மோந்து பாத்தீங்களா?

போன வாரம் ஒரு புது பெர்ஃப்யூம் ரிலீஸோட சாம்பிள் கைக்கு வந்துச்சு. எந்த பிராண்டுன்னு சொல்லல, ரோஜாவும் ஊத்ங்கிற அகில் மர வாசமும்னு லேபிள்ல போட்டிருந்தான், ரிவ்யூ எழுதுறவங்க எல்லாம் ஆகா ஓகோன்னு தூக்கி வச்சு ஆடிட்டிருக்காங்க. இடது மணிக்கட்டுல ரெண்டு ஸ்ப்ரே. முதல் பத்து நிமிஷம் சத்தியமா சொக்கிட்டேன், ஈரம் காயாத ரோஜா இதழ், பின்னாடியே லேசா மிளகு, மேல பெர்கமோட்ங்கிற எலுமிச்சை வகைப் பழத்தோட ஒரு புளிப்பு. மனசுக்குள்ள ரிவ்யூவே எழுதி முடிச்சாச்சு. மூணு மணி நேரம் கழிச்சு கைய மூக்குகிட்ட கொண்டு போனா ரோஜாவக் காணோம், ஊத் வாசத்தையும் காணோம், மூக்குக்குள்ள கீறி விடுற மாதிரி ஒரு வறண்ட மர நெடி மட்டும் கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு. சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவியும் அசையல. மறுநாள் சட்டைக் கைய மோந்தா அங்கயும் அதே.

இதுல மர்மம் ஒண்ணும் இல்ல. எலுமிச்சை, பெர்கமோட் மாதிரி லேசான மூலக்கூறுங்க சீக்கிரமே ஆவியாயிடும், மரம், கஸ்தூரி மாதிரியான மஸ்க், பிசின் மாதிரியான ஆம்பர் எல்லாம் கனம், அதுங்கதான் கடைசி வரைக்கும் இருக்கும். கடையில பேப்பர் பட்டைய மோந்துட்டு அஞ்சு நிமிஷத்துல முடிவெடுக்குறவங்கதான் நிறைய பேரு, அதனால கம்பெனிக்காரங்க அழகெல்லாம் அந்த அஞ்சு நிமிஷத்துலயே கொட்டிடுறாங்க. ஊத் விஷயமும் அப்படித்தான், நிஜ ஊத் அக்விலேரியாங்கிற அகில் மரத்துல பூஞ்சை புடிச்சு ஊறுற பிசின்ல இருந்து வர்றது, அரிதான சரக்கு, லேபிள்ல ஊத்னு இருக்குற முக்கால்வாசி பாட்டில்ல இருக்குறது லேப்ல செஞ்ச கலவைதான்.

அதுக்காக லேப் சரக்குன்னா மட்டம்னு சொல்ல வரல. 2006ல கெசா ஷோன்ங்கிற பெர்ஃப்யூம் கலைஞர் போட்ட மாலிக்யூல் 01ங்கிற பெர்ஃப்யூம்ல ஐசோ ஈ சூப்பர்னு ஒரே ஒரு செயற்கை மணப்பொருள்தான். மொத தடவ அடிச்சப்ப வெறும் ஸ்பிரிட்டுன்னு நினைச்சு ஏமாந்துட்டேன், அப்புறம் லிஃப்ட்ல நிக்கும்போது எங்கிருந்தோ சீவுன பென்சில் மாதிரி ஒரு இதமான வாசம், யாருடான்னு திரும்பிப் பாத்தா நான்தான். சிலர் மூக்குக்கு அது சுத்தமா எட்டாது, அவங்க ரிவ்யூல ஒண்ணுமே இல்லன்னு திட்டி எழுதுறதும் உண்மைதான், பாவம்.

பாக்கரா ரூஜ் 540ங்கிற பெர்ஃப்யூம் இதுக்கு நேர் எதிர். பாக்கரா கண்ணாடி கம்பெனியோட 250வது வருஷத்துக்காக 2014ல ஃபிரான்சிஸ் குர்க்ஜியான்ங்கிற பெர்ஃப்யூம் கலைஞர் செஞ்சது, குங்குமப்பூ, கருகுன சர்க்கரை, தேவதாரு. போட்டவங்களுக்கு கொஞ்ச நேரத்துல மூக்கு பழகிப் போயிடும், போயிடுச்சுன்னு நினைச்சு இன்னும் நாலு ஸ்ப்ரே அடிப்பாங்க, பக்கத்து சீட்ல இருக்குறவன் ஜன்னலத் தேடுவான்.

சும்மா சொல்றேன், நிஷ்ங்கிற பேரையும், அதாவது பெரிய கம்பெனி சாராத சின்ன பெர்ஃப்யூம் பிராண்டுங்கிற பேரையும், ரொம்ப நம்பாதீங்க. 1976ல ஜான் லபோர்ட் லார்டிசான் பார்ஃப்யூமர்ங்கிற பிராண்ட ஆரம்பிச்சப்ப அந்தப் பேருக்கு ஒரு அர்த்தம் இருந்துச்சு. லெ லாபோ, ஃப்ரெடரிக் மால்னு ரெண்டு நிஷ் பிராண்டும் 2014லயே எஸ்டே லாடர்ங்கிற பெரிய அழகுசாதனக் கம்பெனி கைக்குப் போயாச்சு, குர்க்ஜியான் கம்பெனியில 2017ல எல்விஎம்ஹெச்ங்கிற பெரிய ஆடம்பரப் பொருள் கம்பெனி உள்ள வந்தாச்சு. ஒண்ணு ஹிட்டானா போதும், உடனே அதையே எக்ஸ்ட்ரே, இன்டென்ஸ்னு அடர்த்தி கூட்டின வடிவமா வரிசை கட்டி வருது.

நான் இப்ப வாசனை சோப்பு போடாம குளிச்சுட்டு தோல்ல ஒரு ஸ்ப்ரே, துணியில ஒரு ஸ்ப்ரே அடிச்சுட்டு வேலையப் பாக்கப் போயிடுறேன். சாயந்திரம் வரைக்கும் ஒரு வரி எழுதுறதில்ல.

இந்த வாரம் கையில இருக்குறது ஒரு ஓரிஸ் பெர்ஃப்யூம். ஓரிஸ்ங்கிறது ஐரிஸ் செடியோட கிழங்கு, அத காய வச்சு வருஷக்கணக்குல போட்டு வச்சாதான் அதுல மணமே ஏறும், ஆனா அடிச்ச உடனே பச்சக் கேரட்டும் ஈர மண்ணும்தான் வந்துச்சு, முகம் சுளிச்சு மூடி வச்சுட்டேன். நாலு மணி நேரம் கழிச்சு போன் பேசக் கைய காதுகிட்ட கொண்டு போனேன் பாருங்க, குளிர்ந்த பவுடர், பழைய காகிதம், ஓரமா ஒரு வயலட் பூ, எதிர்ல பேசுனவர் என்ன சொன்னாருன்னே காதுல விழல. இன்னும் ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டு அப்புறமா பேரச் சொல்றேன்.