மாமா கடை பென்டியம் 4: எக்ஸ்பி வரை ஏறிவிட்டது

நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா கடையின் பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, விண்டோஸ் எக்ஸ்பி ஏறுகிறது, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் பழைய ஃபைல்கள் எழுத்து உடையாமல் திறக்கின்றன. டிஸ்க்கில் இருந்த எதுவும் அழியவில்லை. எங்கே தொடங்கி எப்படி இங்கே வந்தது என்பதைக் கீழே எழுதுகிறேன், இதே மாதிரி ஒரு பெட்டி வீட்டில் கிடந்தால் உதவும்.

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் மாமா நடத்திய டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சுக்கோப்பு) கடையின் கம்ப்யூட்டர் இது. இன்டெல் 845ஜிவி சிப்செட் போர்டு, 478 சாக்கெட்டில் பென்டியம் 4, 512 எம்பி டிடிஆர் ராம், 40 ஜிபி ஐடிஇ (பட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை) ஹார்ட் டிஸ்க். கடையை மூடியபின் மாடி அறையில் உறை போட்டு வைத்திருந்தார், பிறகு எடுத்து ஆன் செய்தால் ஃபேன் ஓடியது, திரை வரவில்லை. எங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் உள்ளே வந்தால் அலமாரித் துணியே நமத்துப்போகும், உறை போட்ட கம்ப்யூட்டர் மட்டும் எப்படித் தப்பும்?

டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் காப்பி எடுத்தால் போதாதா என்று நிறைய பேர் கேட்டார்கள். போதாது. தமிழ் எல்லாம் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தமிழாகவே தெரியாது. மலையாளம் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் தந்த ஐஎஸ்எம் என்ற தட்டச்சு மென்பொருளில் அடித்தது, அதன் லாக்கை (உரிமத்துக்கான சிறு கருவி) பழைய பிரிண்டர் இணைப்பான பேரலல் போர்ட்டில் மாட்டினால்தான் மென்பொருளே வேலை செய்யும். இன்றைய லேப்டாப்பில் பேரலல் போர்ட்டுக்கு எங்கே போவது? செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர், இங்கே பல குடும்பங்களுக்குப் பாதிச் சொந்தம் புனலூர் பக்கம்தான். ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் மலையாளமுமாகக் கல்யாணப் பத்திரிகை, பழைய மலையாள ஆதாரங்களை (சொத்துப் பத்திரங்களை) திரும்ப அடித்துக் கொடுத்தது, மார்கழியில் அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி ஊர்வலமாக வரும்போது வரவேற்புக்குப் போட்ட நோட்டீஸ் என்று எல்லாம் இந்த டிஸ்க்கில்தான் இருந்தது.

நான் கையில் எடுப்பதற்கு முன் ஒரு சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறார்கள். "ஃபார்மட் பண்ணணும், இல்லன்னா போர்டு போச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மாமாவுக்கு அதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை. "ஃபார்மட் பண்ணினா அதுல உள்ளது எல்லாம் போயிரும்லா, அப்புறம் அந்தப் பெட்டி எதுக்குல?" என்றார். அவர் கேட்டது சரிதான். திரையே வராத கம்ப்யூட்டருக்கு ஃபார்மட் எப்படி மருந்தாகும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஃபேன் ஓடுகிறது, திரை கறுப்பு, பீப் சத்தம் இல்லை என்றால் பிராசசர் பயாஸை (போர்டில் உள்ள தொடக்க நிரலை) படிக்கவே தொடங்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். டிஸ்க்கின் முறை வருவதற்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது.

முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை. போர்டில் இருந்து பிடுங்கிவிட்டு, பெரிய கனெக்டரில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்தால் தனியாக ஓடும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3, எல்லாமே கூடக் குறைய 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இருந்தன. சும்மா ஓடும்போது சரியாகக் காட்டிவிட்டு லோடு ஏறியதும் படுத்துவிடும் எஸ்எம்பிஎஸ்களும் உண்டு, அதனால் போர்டில் மாட்டி, நாலு பின் சதுர கனெக்டரிலும் 12 வோல்ட்டைப் பார்த்துக்கொண்டேன். ஒரு விஷயம், எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கியபின்னும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

அடுத்து டிஸ்க், சிடி டிரைவ், ராம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, போர்டு, பிராசசர், ஸ்பீக்கர் மூன்றை மட்டும் வைத்து ஆன் செய்தேன். ராம் இல்லாவிட்டால் இந்தப் போர்டில் உள்ள அவார்டு கம்பெனி பயாஸ் நீளமாக, விட்டு விட்டுக் கத்த வேண்டும். சத்தமே இல்லை. அப்போதுதான் டார்ச் அடித்து பிராசசரைச் சுற்றிப் பார்த்தேன். வரிசையாக நிற்கும் 3300 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் கெப்பாசிட்டர்களில் ஐந்தின் தலை உப்பியிருந்தது, ஒன்றின் உச்சியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது.

1999 முதல் 2007 வரை வந்த பல போர்டுகளுக்கு இந்த வியாதி உண்டு. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் சரியில்லாமல் வாயு உண்டாகித் தலை உப்பிவிடும். 12 வோல்ட்டைப் பிராசசருக்குத் தேவையான ஒன்றரை வோல்ட் அளவுக்கு இறக்கும்போது வரும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தை இவைதான் சமன் செய்கின்றன. இவை கெட்டால் பிராசசருக்குச் சுத்தமான மின்சாரம் கிடைக்காது, அது எழுந்திருக்காது. தென்காசிக் கடைகளில் எனக்குக் கிடைத்தது 85 டிகிரி சூடு வரை தாங்கும் சாதாரண வகை. அளவு பொருந்துகிறதே என்று அதைப் போடக் கூடாது, இந்த இடத்துக்கு 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) வகைதான் வேண்டும். ஆன்லைனில் வரவழைத்தேன், நல்லதாகத் தெரிந்தவற்றையும் சேர்த்து அந்த வரிசை முழுவதையும் மாற்றினேன்.

கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். ரேடியோ வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் இங்கே உதவாது, போர்டின் உள்ளடுக்கில் உள்ள செம்பு சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும். 60 வாட் அயர்னை வைத்து, பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் விட்டு இளக்கி, ஒரு கால் மாற்றி ஒரு கால் என்று மெதுவாகச் சாய்த்து எடுத்தேன். முரட்டுத்தனமாக இழுத்தால் துளையின் உள்பூச்சு கையோடு வந்துவிடும், அதற்கப்புறம் போர்டைக் காப்பாற்றுவது கஷ்டம். கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். நெகட்டிவ் பக்கத்தைக் காட்டப் போர்டில் அச்சிட்ட நிழலை மட்டும் நம்பாமல் கழற்றும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள், சில கம்பெனிகள் அதைத் தலைகீழாகக் குறிப்பதுண்டு.

மாற்றிவிட்டு ராம் இல்லாமல் ஆன் செய்தேன். நீளமான பீப், விட்டு விட்டு! அந்தச் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். பிராசசர் பயாஸைப் படிக்கிறது, ராம் எங்கே என்று கேட்கிறது. ராமின் தங்கப் பூச்சுப் பற்கள் சாரல் ஈரத்தில் மங்கியிருந்தன, அழிரப்பரால் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஸ்லாட்டில் அழுத்திப் போட்டதும் திரை வந்துவிட்டது.

திரையில் வந்தது "சிமாஸ் செக்சம் எரர்" (பயாஸ் அமைப்புகளின் நினைவகம் கெட்டுவிட்டது), அதற்குக் கீழே "ஃப்ளாப்பி டிஸ்க் ஃபெயில் (40)". இரண்டுக்கும் காரணம் ஒன்றே. சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றரைகூடக் காட்டவில்லை. அதனால் பயாஸ் தன் பழைய அமைப்பையெல்லாம் மறந்து, இல்லாத ஃப்ளாப்பி டிரைவைத் தேடிக்கொண்டிருந்தது. புது பேட்டரி, தேதி, ஃப்ளாப்பிக்கு 'நன்' (இல்லை). சரி.

அப்புறம்தான் உண்மையான பயம் வந்தது. எக்ஸ்பி லோகோ தெரியும், உடனே ரீஸ்டார்ட், மறுபடி லோகோ. ஆன் ஆனதும் எஃப்8 அழுத்தி, பிழை வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுத்தால் நீலத்திரை அப்படியே நிற்கும். நின்றது: 'அன்மவுண்டபிள் பூட் வால்யூம்', ஸ்டாப் எண்ணின் முடிவில் இ, டி என்று இரண்டு எழுத்து. டிஸ்க்கின் பகுதியை எக்ஸ்பியால் திறக்க முடியவில்லை என்று அர்த்தம். இந்த இடத்தில்தான் எல்லாரும் உடனே டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் நிரலை ஓட விடுவார்கள். செய்யாதீர்கள். செக்டிஸ்க் டிஸ்க்கில் எழுதும், டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால் மிச்சத்தையும் அது முடித்துவிடலாம். முதலில் பிரதி எடுக்க வேண்டும்.

டிஸ்க்கைக் கழற்றி, தனி 12 வோல்ட் சப்ளை உள்ள ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் வழியாக லினக்ஸ் லேப்டாப்பில் மாட்டி, டிடிரெஸ்க்யூ ஓட விட்டேன். நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசியில் முயற்சி செய்யும் நிரல் அது, மேப் ஃபைல் வைத்திருந்தால் நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். 40 ஜிபியும் ஒரு செக்டார் விடாமல் வந்தது.

இதுதான் என்னை யோசிக்க வைத்தது. லேப்டாப்பில் சுத்தமாகப் படிக்கும் டிஸ்க் ஏன் பெட்டிக்குள் மட்டும் தகராறு செய்கிறது? நடுவில் இருப்பது கேபிள் மட்டும்தான். எடுத்து எண்ணிப் பார்த்தால் 40 கம்பிக் கேபிள்! பழைய சிடி டிரைவுக்கு வரும் வகை, எப்போதோ யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஐடிஇ கனெக்டர் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் நொடிக்கு 33 எம்பிக்கு மேல் வேகம் போகும் யுடிஎம்ஏ (அதிவேக ஐடிஇ முறை) டிஸ்க்குக்கு 80 கம்பிக் கேபிள் வேண்டும். கூடுதலாக உள்ள 40 கம்பிகளும் எர்த், சிக்னல் கம்பிகளுக்கு நடுவே பக்கத்துக்கு ஒன்றாக ஓடி ஒன்றின் சிக்னல் மற்றதில் கலக்காமல் காக்கும். இதே நீலத்திரைக்கு 40 கம்பிக் கேபிளும் ஒரு காரணம் என்று மைக்ரோசாஃப்டின் பழைய உதவிக் குறிப்பிலேயே இருக்கிறது.

80 கம்பிக் கேபிளில் நீல முனையைப் போர்டிலும் கறுப்பு முனையை டிஸ்க்கிலும் மாட்டினேன். பிரதி கையில் இருக்கும் தைரியத்தில் எக்ஸ்பி சிடியைப் போட்டு, ஆர் அழுத்தி ரெகவரி கன்சோலுக்குள் போய், செக்டிஸ்க்கை ஆர் சுவிட்ச்சோடு ஓட விட்டேன். ரொம்ப நேரம் ஓடியது. முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் டெஸ்க்டாப் வந்துவிட்டது, கடை பெயர் போட்ட வால்பேப்பரோடு.

ஐஎஸ்எம் மட்டும் லாக் இல்லை என்றது. இதுவும் பேட்டரி விட்டுப்போன வேலைதான். பயாஸில் பேரலல் போர்ட் மோடு இசிபிக்கு (வேகமான மோடு) மாறிப்போயிருந்தது, எஸ்பிபிக்கு (சாதாரண மோடு) திருப்பி, முகவரி 378 என்று இருப்பதை உறுதி செய்ததும் லாக் ஒத்துக்கொண்டது. மாமா முதலில் திறந்தது ஆபரணப் பெட்டி வரவேற்பு நோட்டீஸைத்தான், கீழே விழாக் கமிட்டிப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

இனி உள்ள வேலை: ஒவ்வொரு ஃபைலையும் எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப்பாக மாற்றுவது. பாமினியில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் நிறைய இருக்கின்றன, மலையாளத்துக்கு ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் பய்யன்ஸ் நிரலை முயற்சி செய்யப் போகிறேன். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஓடு நின்றுவிட்டது என்பதால் இந்தப் பெட்டியில் நெட் கனெக்‌ஷன் கொடுக்க மாட்டேன், ஃபைல்கள் பென் டிரைவில்தான் வெளியே வரும். அடுத்த சாரலுக்கு முன் முடித்துவிட வேண்டும். 3300 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் சில மிச்சம் இருக்கின்றன, தென்காசி, செங்கோட்டைப் பக்கம் யாருக்காவது இதே போர்டு உப்பியிருந்தால் சொல்லுங்கள், தருகிறேன்.