வண்டி நேரா நிக்குது, ஆனா எடை நேரா நிக்கல

மஹிந்திராவோட பழைய தார் சிஆர்டிஇ (டீசல் ஜீப்) வச்சிருக்கவங்க நாலு பேர் சேர்ந்தா கண்டிப்பா வர்ற பேச்சு, "என் வண்டி டிரைவர் சைடு சாயுது, என்ன பண்ணலாம்". உடனே ஒருத்தர் டார்ஷன் பார் (முன் பக்கம் ஸ்ப்ரிங்கா வேலை செய்யற முறுக்குக் கம்பி) போல்ட்ட ரெண்டு சுத்து ஏத்துன்னுவாரு, இன்னொருத்தர் பின்னாடி ஸ்ப்ரிங் பட்டை (லீஃப்) ஒண்ணு சேர்த்துருன்னுவாரு. ரெண்டுமே வேலை செய்யும், அதுதான் பிரச்சினையே. வெளிய இருந்து பாத்தா வண்டி நேராயிரும், ஆனா உள்ள எது சாய்ச்சுதோ அது அப்படியே இருக்கும், போதாததுக்கு அதை எதிர்த்து இன்னொரு ஸ்ப்ரிங் தள்ளிட்டு இருக்கும்.

கோயம்புத்தூர்ல நண்பர் ஒருத்தர் கிட்ட 2014 தார் இருக்கு. முன்னாடி இரும்பு பம்பர், அதுல விஞ்ச் (சிக்கின வண்டிய இழுக்கற மோட்டார்), 235/70 ஆர்16 டயருக்குப் பதிலா 245/75 ஆர்16, பின்னாடி ஸ்டெப்னி அதே பெரிய சைஸ், உள்ள ரோல் கேஜ். (பம்பர் பத்தி கமெண்ட்ல சண்டை வேண்டாம், 2017 டிசம்பர்ல மத்திய அரசு இந்த மாதிரி க்ராஷ் கார்டு கூடாதுன்னு மாநிலங்களுக்கு எழுதினது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.) முதல்ல வலது முன் பக்கம் நல்லா இறங்கி நின்னுது, ஒரு ஒர்க்‌ஷாப்ல வலது டார்ஷன் பார ஏத்தி சரி பண்ணிக் கொடுத்துட்டாங்க. பார்க்க அம்சமா இருக்கு. ஆனா சரளைக் கல்லுல பிரேக் அடிச்சா இடது முன் சக்கரம் மட்டும் சரட்டுனு லாக் ஆகுது, மணல்ல ஏறுனா பின்னாடி வலது சக்கரம் சும்மா சுத்துது. டிஃப் லாக் (பின் சக்கரம் ரெண்டையும் சேர்த்துச் சுத்த வைக்கற பூட்டு) 2015 ஃபேஸ்லிஃப்ட்ல தானே வந்துச்சு, இவர் வண்டில கிடையாது, அதனால ஒரு சக்கரம் லேசா இருந்தா அதோட கதை முடிஞ்சுது. "டயர் சரியில்ல போல மச்சி"ன்னு டயரத் திட்டிட்டு இருந்தாரு.

சாய்வ அளக்கறதுக்கு முன்னாடி தரைய அளக்கணும். பெட்ரோல் பங்க் தரை, வீட்டு போர்டிகோ எல்லாம் தண்ணி ஓடறதுக்காக வாட்டம் விட்டுத்தான் போட்டிருப்பாங்க, கண்ணுக்குத் தெரியாது. கொத்தனார் வச்சிருக்க டியூப் மட்டம் இருக்கு பாருங்க, தண்ணி ஊத்தின ட்ரான்ஸ்பரன்ட் டியூப், அதை வாங்கி நாலு சக்கரம் நிக்கற இடத்துலயும் தரை மட்டம் பாத்துக்கலாம், அதை விட சீப்பான கருவி கிடையாது. அது கிடைக்கலன்னா ஒரு தடவ அளந்துட்டு வண்டிய அப்படியே முன் பின் திருப்பி அதே இடத்துல நிறுத்தி மறுபடி அளங்க, ரெண்டுக்கும் சராசரி எடுத்தா தரையோட வாட்டம் அடிபட்டுரும்.

டயர் காத்து இடது வலது ஒண்ணா இருக்கணும், உள்ள கிடக்கற டூல் பாக்ஸ், ரெக்கவரி ரோப் எல்லாம் வெளிய. ஜாக்கி போட்டு இறக்கின உடனே அளக்கவே கூடாது, இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன்ல சக்கரம் உள்பக்கமா இழுத்துட்டு நிக்கும், தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டு வந்து ஹேண்ட்பிரேக் போடாம நியூட்ரல்ல விட்டு சக்கரத்துக்கு கல்லு வச்சுட்டு அளக்கணும். அளவு ஹப் நடுவுல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும், இதுல டயர் கணக்குல வராது. அப்புறம் தனியா தரையில இருந்து சேசிஸ் வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே போல்ட் ஓட்டையப் பிடிச்சு எடுங்க. ஃபெண்டர் அளவு சாய்வு காட்டி சேசிஸ் அளவு காட்டலன்னா சஸ்பென்ஷன்ல கை வைக்கவே வேண்டாம், பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல இருக்க பாடி மவுண்ட் ரப்பர் அமுங்கியிருக்கும் இல்ல எப்பவோ தட்டி எடுத்த ஃபெண்டர் கோணலா உக்காந்திருக்கும்.

நண்பர் வண்டில சேசிஸ் அளவு இடது வலது 5 மில்லி கூட வித்தியாசம் இல்ல. பேப்பர்ல வண்டி பக்கா. ஆனா அடியில குனிஞ்சு டார்ஷன் பார் அட்ஜஸ்டர் போல்ட்டப் பாத்தா இடது பக்கம் மரை கொஞ்சமாத் தெரியுது, வலது பக்கம் அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வெளிய நிக்குது. ரெண்டு பக்கமும் சின்ன வித்தியாசம் இருக்கறது சகஜம், இவ்வளவு இருந்தா யாரோ எதையோ மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இப்பத்தான் ஜாக்கி வேலை. முன்னாடி சேசிஸ் கிராஸ்மெம்பர்ல சரியா நடுவுல ஒரே ஒரு ஜாக்கி, முன் சக்கரம் ரெண்டும் தரைய விட்டு எழும்பற அளவுக்கு. ஆக்சில்ல போடக்கூடாது, சேசிஸ்ல போடணும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு ஸ்டாண்ட் வச்சுக்கங்க, வண்டிக்கு அடியில யாரும் போகக்கூடாது. இப்ப முன் ஸ்ப்ரிங்குக்கு சாய்வுல எந்தப் பங்கும் இல்ல, வண்டி எப்படி நிக்குதோ அது முழுக்க பின் பட்டையோட வேலை. நண்பர் வண்டி வலது பக்கமா படுத்துச்சு, அவர் முகத்தப் பாக்கணுமே. அதே மாதிரி பின்னாடி சேசிஸ் நடுவுல தூக்குனா இடது பக்கமா சாய்ஞ்சுது. அதாவது பின் பக்கம் வலதுக்குத் தள்ளுது, முன் பக்கம் இடதுக்குத் தள்ளுது, ரெண்டும் மல்லுக்கட்டி நடுவுல வண்டி நேரா நிக்கற மாதிரி வேஷம் போடுது.

கயித்துக் கட்டில்ல ஒரு காலுக்கு அடியில செங்கல் வச்சுப் பாருங்க, அந்தக் காலும் அதுக்குக் குறுக்க இருக்க காலும் தான் எடை முழுக்கத் தாங்கும், மத்த ரெண்டும் ஆடும். இங்க செங்கல் இருந்தது இடது பின் பக்கம். அங்க பட்டை அதிகமா உயர்ந்திருந்ததால வண்டி வலது முன் மூலைய நோக்கி சாய்ஞ்சுது, பாத்தவங்களுக்கு வலது முன் ஸ்ப்ரிங் தொங்கிப்போன மாதிரி தெரிஞ்சுது, அங்க டார்ஷன் பார ஏத்தினது ரெண்டாவது செங்கல், அதுவும் அதே குறுக்குக் கால்ல. இடது முன்னும் வலது பின்னும் லேசாயிருச்சு. லாக் ஆனது எந்தச் சக்கரம், சும்மா சுத்துனது எந்தச் சக்கரம்னு மேல போய்ப் பாத்துக்கங்க. தாழ்ந்து நிக்கற மூலை ஒழுங்கா இருந்து, உயர்ந்து நிக்கற மூலை தப்பா இருக்கறது நிறைய வண்டில நடக்குது, ஆனா யாரும் உயர்ந்த பக்கத்தப் பாக்கறதே இல்ல.

சந்தேகம் இருந்தா எடை மேடைக்குப் போங்க, லாரி இல்லாத மத்தியான நேரத்துல கேட்டா ஒவ்வொரு சக்கரமா ஏத்தி எடை பாக்க விடுவாங்க, மேடையும் தரையும் ஒரே மட்டத்துல இருக்கற இடமாப் பாத்துப் போகணும் அவ்வளவுதான். அஞ்சு பத்து கிலோ முன்ன பின்ன தான் காட்டும், இந்த வேலைக்கு அது போதும். இவர் வண்டில வலது முன் சக்கரம் இடது சக்கரத்த விட 80 கிலோ அதிகம், பின்னாடி அப்படியே உல்டா.

சரி, இடது பின் பட்டை ஏன் உயர்ந்துச்சு? எப்பவோ அந்தப் பக்கம் மட்டும் மெயின் பட்டை ஒடஞ்சிருக்கு, ஒரு கடையில அந்தப் பக்கத்தை மட்டும் இறக்கி புது பட்டை போட்டு வளைவும் கூட்டி ஏத்திட்டாங்க, வலது பக்கம் வருஷக்கணக்கா எடை தாங்கி தளர்ந்த பழைய செட் அப்படியே இருக்கு. சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிக்கு பட்டை வேலை செய்யற பெரியவர் ஒருத்தர் கிட்ட இதச் சொன்னா சிரிக்கறாரு. "ஏந்தம்பி, ரெண்டையும் எறக்கி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்காம எப்படிங்க மாட்டறது"ன்னாரு. அவர் ரெண்டு செட்டையும் தரையில குப்புற வச்சு, கண்ணுக்குக் கண்ணு (பட்டை முனையில இருக்க வளையம்) நூல் பிடிச்சு, நூலுக்கும் பட்டைக்கும் நடுவுல எவ்வளவு வளைவுன்னு அளந்து தான் அடிக்க ஆரம்பிப்பாரு.

இன்னொண்ணும் அங்க இருந்துச்சு, ஷேக்கில் புஷ். பட்டையோட ஒரு முனைய சேசிஸோட இணைக்கற கொக்கி தான் ஷேக்கில், அதுல இருக்க ரப்பர் தான் புஷ். வண்டி ஜாக்கில தொங்கும்போதே ஷேக்கில் போல்ட்ட முழுசா டைட் பண்ணிட்டா ரப்பர் புஷ் அந்த நிலையிலயே பிடிச்சுக்கும், வண்டிய இறக்கினா ரப்பர் முறுக்கிட்டு அந்தப் பக்கத்த தூக்கிப் பிடிக்கும். சக்கரம் தரையில நின்னு எடை இறங்கின அப்புறம் தான் கடைசி டைட். இத செக் பண்றது ஈசி, போல்ட்டத் தளர்த்தி வண்டிய நாலு ஆட்டு ஆட்டி மறுபடி அளந்தா போதும், சில வண்டில சாய்வுல பாதி இதுலயே போயிரும், காசு செலவே இல்ல.

ஷாக் அப்சார்பர மாத்துனா சாய்வு போகுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, சாதாரண ஆயில் ஷாக் எடை தாங்காது, அதுனால போகாது. கேஸ் ஷாக் ஒரு பக்கம் மட்டும் புதுசுன்னா லேசா தூக்கும், அவ்வளவுதான். சென்டர் போல்ட் (பட்டைகளச் சேர்த்து ஆக்சில்ல இடம் மாறாம நிறுத்தற போல்ட்) கட்டாகி ஆக்சில் நகர்ந்திருந்தா இடது வலது வீல்பேஸ் வித்தியாசப்படும், அது சாய்வ விட ஆபத்து, உடனே பாருங்க. சேசிஸ் முறுக்கியிருக்கான்னு சந்தேகம் வந்தா தூக்குக்குண்டு விட்டு தரையில சாக்பீஸ் புள்ளி வச்சு மூலைக்கு மூலை அளக்கலாம்.

டிரைவர் பக்கம் கொஞ்சம் சாயறது ஜீப் ஜாதிக்கே உள்ளது. ரெண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்ல டிரைவர் இடது பக்கம், அவர் சீட்டுக்கு அடியில தான் பெட்ரோல் டேங்க், அதனால இடது முன் ஸ்ப்ரிங்கையே வேற மாதிரி செஞ்சாங்க. பழைய லேண்ட் ரோவர்லயும் டிரைவர் பக்கத்துக்குத் தனி ஸ்ப்ரிங் உண்டு, பழைய பார்ட்ஸ் வாங்கும்போது இடம் மாத்தி மாட்டி சாய்ஞ்சு போன வண்டியும் உண்டு. அதனால 10 மில்லிக்குள்ள இருந்தா நான் தொட மாட்டேன், டிரைவர் ஏறி உக்காந்தா மாறும், 50 லிட்டர் டீசல் ஊத்துனா 40 கிலோ மாறும்.

2020ல வந்த புது தார்ல முன்னாடி பின்னாடி ரெண்டுமே காயில், பட்டை கதை கிடையாது, ஆனா ஜாக்கி டெஸ்ட் அதே தான். மாருதி ஜிம்னிய உயரமாக்க லிஃப்ட் போட்டவங்க பேன்ஹார்ட் ராட (ஆக்சில் பக்கவாட்டுல நகராமப் பிடிக்கற கம்பி) மாத்தலன்னா ஆக்சில் ஒரு பக்கமா நகர்ந்து ஒரு டயர் மட்டும் வெளிய துருத்தும், தூரத்துல பாத்தா சாய்வு மாதிரியே இருக்கும், சாய்வு இல்ல.

நண்பர் வண்டிக்கு கடைசில பின் பட்டை ரெண்டு செட்டையும் இறக்கி ஒரே வளைவுக்குக் கொண்டு வந்தாங்க, புஷ் நாலும் புதுசு. அப்புறம் தான் டார்ஷன் பார், வலது பக்கத்த இறக்கி ரெண்டு பக்கமும் மரை ஏறக்குறைய சமமா வச்சு, விஞ்ச் எடைக்காக ரெண்டையும் சேர்த்துக் கொஞ்சமே கொஞ்சம் ஏத்துனது. ரொம்ப ஏத்துனா டிரைவ் ஷாஃப்ட் கோணம் அதிகமாகி அதோட ரப்பர் உறை (பூட்) கிழியும், சக்கரம் கீழ இறங்க இடமில்லாம பள்ளத்துல டொக்கு டொக்குனு அடிக்கும். திருகறதுக்கு முன்னாடி போல்ட்டுல பெயிண்ட் மார்க் வச்சுக்கங்க. பார கழட்டுனா இடது வலது மாத்தி மாட்டாதீங்க, முறுக்கற திசை பாத்துத் தான் ஒவ்வொண்ணையும் செஞ்சிருப்பாங்க. முன் உயரம் மாறினா கேம்பர் (சக்கரம் உள்ள வெளிய சாயற கோணம்) மாறும், அதனால வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

இப்ப முன் சக்கரம் ரெண்டுக்கும் வித்தியாசம் 20 கிலோவுக்குள்ள. வலது பக்கம் 7 மில்லி தாழ்வா நிக்குது, அவருக்கு அது உறுத்திட்டே இருக்கு, மறுபடி போல்ட்டத் திருகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். பட்டை வேலை புதுசா செஞ்சவங்க ஒரு 500 கிலோமீட்டர் ஓடுனதும் பட்டைய ஆக்சிலோட கட்டற யூ போல்ட்ட ஒரு தடவ டைட் பண்ணிருங்க, பட்டை உக்காந்ததும் அது தளரும்.